32 வெள்ளி சுமக்கும் படகு

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி விடுமுறையில் ஒரு நாளாவது எங்கும் போகாமல், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறையிலேயே பிள்ளைகளுடன் உட்காருங்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர், அலுமினியத் தாள், அளவுகோல், உண்டியலில் சேர்ந்த ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நாணயங்கள். இவை போதும்.

தாளை 15 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டுங்கள். நான்கு ஓரங்களையும் மேலே மடித்தால் பெட்டிப் படகு தயார். எவ்வளவு உயரம் மடிப்பது? அதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். எத்தனை நாணயம் தாங்கும் என்று முதலில் தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகுதான் ஏற்ற வேண்டும். மனத்தில் நினைத்ததைப் பிறகு மாற்றிச் சொல்லிவிடலாம். எழுதியதை மாற்ற முடியாது.

ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை ஏறக்குறைய ஒரு கிராம். படகு எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு எடையைத்தான் தாங்கும். 1 சென்டிமீட்டர் மடித்தால் கொள்ளளவு 169 கன சென்டிமீட்டர். இரண்டரை மடித்தால் 250. சுவர் இன்னும் உயர்ந்தால் நல்லதுதானே என்று 5 மடித்தால், அடிப்பாகம் சுருங்கி 125 ஆகிவிடுகிறது! ஒரு வெள்ளி நாணயம் சுமார் 7.6 கிராம். ஆகவே கணக்குப்படி 22, 32, 16 நாணயங்கள். கையால் மடித்த படகில் சற்றுக் குறையும். ஒரே பக்கமாக அடுக்கினால் பாதியிலேயே கவிழும். கவிழட்டும். பெற்றோரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்த நேரத்தில் படகைப் பிடுங்கித் திருத்தாதீர்கள். ஏன் கவிழ்ந்தது என்று பிள்ளை யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே இத்தனையும்.

பூசை அறையில் கற்பூரம் இருந்தால் இன்னொன்று செய்யலாம். தடித்த அட்டையில் சிறு படகு வெட்டி, பின்புறப் பிளவில் ஒரு துணுக்குக் கற்பூரத்தைத் தண்ணீரில் படும்படி செருகுங்கள். படகு தானாக ஓடும். கற்பூரம் பின்பக்கத்து நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. முன்பக்கத்து நீர் இழுத்துச் செல்கிறது. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நகரவே நகராது. கற்பூரம் வாயில் போகக் கூடாத நஞ்சு, ஆகவே அதைப் பெரியவர்களே கையாள வேண்டும்.

மாலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போங்கள். நங்கூரமிட்ட கப்பல்களில் சிலவற்றின் அடிப்பகுதி உயரமாகத் தெரியும். சரக்கேறியவை தாழ்ந்து நிற்கும். அளவுக்கு மீறி ஏற்றிய கப்பல்கள் மூழ்கி மாலுமிகள் மாண்டதால், சாமுவேல் பிளிம்சால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடி, கப்பல் எதுவரை அமிழலாம் என்று அதன் பக்கத்தில் காட்டும் சுமைக் கோட்டை 1876-ல் சட்டமாக்கினார். இன்றைய கப்பல்களில் நன்னீருக்கான கோடு கடல்நீர்க் கோட்டைவிட மேலே இருக்கும், ஏனென்றால் நன்னீரில் கப்பல் கூடுதலாக அமிழும்.

இதையும் வீட்டில் சோதிக்கலாம். லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்தால் கடல்நீர் போலாகும். ஆனால் இரண்டரை சென்டிமீட்டர் படகு அதில் கூடுதலாகத் தாங்குவது சுமார் 6 கிராம்தான்; ஒரு வெள்ளி நாணயத்தின் எடைகூட இல்லை. அதனால் படகு நிறையும் தறுவாயில் ஒரு வெள்ளியை நிறுத்திவிட்டு, 5 காசு நாணயங்களை ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லுங்கள்.