அத்தையின் 23 டிஸ்கெட்டுகளும் லினக்ஸின் பழைய டிரைவரும்

வணக்கம். ரோஸ் ஹில்லில் என் மேசையிலிருந்து பேசுகிறேன். இந்த பிஸ்கட் டின்னைப் பாருங்கள். போன வாரம் கியூர்பிப்பில் இருக்கும் அத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்தேன். உள்ளே 23 டிஸ்கெட். மொரிஷியஸில் நாங்கள் டிஸ்கெட் என்றுதான் சொல்வோம், மற்ற ஊர்க்காரர்கள் ஃப்ளாப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைப் படிக்க லினக்ஸ் இயங்குதளத்தில் பழைய டிரைவர் ஒன்று உண்டு, அதாவது கருவியை இயக்கும் நிரல். அதை நீக்கிவிடலாம் என்பவர்களுக்கு என் பதில்தான் இது.

அத்தை அரசாங்கத் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். 1990களில் அவரே எழுதிய பாடங்கள், குட்டிக் கதைகள், வினாத்தாள்கள் எல்லாம் இதில் மட்டும்தான் இருக்கின்றன. வேறு படி இல்லை. "உன் கம்ப்யூட்டரில் இதைப் போட இடம் இருக்கா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் பூஞ்சை. கியூர்பிப் மழை உங்களுக்குத் தெரியும், அங்கே அலமாரியில் வைத்த செருப்பிலும் பூஞ்சை பூக்கும். இந்த உலோக மூடியைத் தள்ளி, பின்பக்கம் நடுவில் இருக்கும் வட்டத்தை விரலால் சுற்றுகிறேன்... வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவா? இதை அப்படியே போட்டால் டிரைவுக்குள் படிக்கும் முனையான ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல டிஸ்கெட்டையும் கீறிவிடும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். அப்புறம் மூலையில் உள்ள சின்னக் கட்டையை நகர்த்தித் துளையைத் திறந்து வையுங்கள். துளை திறந்திருந்தால் படிக்க மட்டுமே முடியும், தவறிக்கூட எதுவும் அழியாது.

சரி, டிரைவுக்கு வருவோம். யுஎஸ்பியில் மாட்டும் இந்த டிஸ்கெட் டிரைவை லினக்ஸ் கிட்டத்தட்ட ஒரு பென்டிரைவ் மாதிரிதான் பார்க்கிறது. 19 டிஸ்கெட் இதிலேயே வந்துவிட்டன. மூன்றில் சில செக்டர்கள், அதாவது தகவல் எழுதும் சின்னத் துண்டுகள், கெட்டிருந்தன. வந்த கோப்புகளைத் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள் குப்பையாகக் கொட்டிக் கிடந்தன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு அப்படித்தான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி இன்றும் கிடைக்கும். அத்தை பயன்படுத்தியது பாமினி இல்லை. நான் தேடிய எங்கும் அந்த எழுத்துரு கிடைக்கவில்லை. அது இருந்தது 23வது டிஸ்கெட்டில்.

அந்த டிஸ்கெட்டை யுஎஸ்பி டிரைவ் தொடவே மறுத்தது. வழக்கமான 1.44 எம்பி டிஸ்கெட்டில் 80 டிராக் (வட்டப் பாதை), இரண்டு பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், ஒவ்வொன்றிலும் 512 பைட். இந்த 23வது டிஸ்கெட்டை எழுதிக் கொடுத்தவர் டிராக்குக்கு 21 செக்டர் வைத்து 1680 கிலோபைட் திணித்திருக்கிறார். யுஎஸ்பி டிரைவுக்குள் இருக்கும் நிரலுக்கு வழக்கமான அளவுகள்தான் தெரியும், வேறு எதையும் நாம் வெளியிலிருந்து சொல்லிக்கொடுக்க முடியாது.

அதனால் மேல்மாடியிலிருந்து இந்தப் பழைய மேசைக் கணினியை இறக்கினேன். இதோ 34 முனை ரிப்பன் கேபிள். இதில் மாட்டிய டிரைவை இயக்குவது லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள அசல் ஃப்ளாப்பி டிரைவர். எஃப்டி0யு1680 என்ற பெயரில் சாதனத்தைத் திறந்தால் 21 செக்டர் என்று அதற்குப் புரிந்துவிடும். முழு டிஸ்கெட்டும் ஒரு பிழை இல்லாமல் இறங்கியது. நான் எழுந்து நின்று கை தட்டினேன்.

2019 ஜூலையில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த டிரைவரைக் கவனிப்பார் இல்லாதது என்று குறித்தார். பராமரித்து வந்த யிரி கோசினாவிடமே வேலை செய்யும் டிரைவ் இல்லை. இன்று கிடைப்பவை பெரும்பாலும் யுஎஸ்பி டிரைவ்கள், அவற்றுக்கு இந்த நிரல் தேவையும் இல்லை. பிறகு டெனிஸ் எஃப்ரமோவ் பொறுப்பேற்றார். பரிசோதிக்க ஆள் இல்லாத நிரலில் பாதுகாப்பு ஓட்டை விழும் என்ற வாதம் நியாயமானது. 2015இல் வெனம் என்ற ஓட்டை, கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் கியூஎமு நிரலின் போலி ஃப்ளாப்பி கன்ட்ரோலரில்தான் இருந்தது, மெய்நிகர் கணினிக்குள் இருந்தபடியே வெளியே உள்ள கணினியைத் தாக்க அது வழி விட்டது. அப்படியென்றால் டிரைவர் தானாக ஏறாதபடி வையுங்கள், தேவைப்படுகிறவர் ஏற்றிக்கொள்ளட்டும். நீக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். சோனி 2011இல் டிஸ்கெட் விற்பதை நிறுத்தியது, ஆனால் எழுதி வைத்தவை பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன.

எழுத்துருவை நிறுவி முதல் கோப்பைத் திறந்தேன். தைப்பூசக் காவடி பற்றி மூன்றாம் வகுப்புக்கு ஒரு பாடம். போனில் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே அத்தை என்னோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கெட்டுப்போன மூன்றில் இரண்டு தேறிவிட்டன. கடைசி ஒன்றில் 11 செக்டர் பாக்கி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் நேற்று இரவிலிருந்து அவற்றையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறது. மைக்கைப் பக்கத்தில் வைக்கிறேன், அந்தச் சத்தம் கேட்கிறதா?