பெர் லவால் பேசிய பாஷை

(மொரீஷியஸ், போர்ட் லூயிஸின் செந்த் குருவாவில், பெர் லவால் கல்லறைக்கு ஜனம் நடந்து வரும் செப்டம்பர் யாத்திரைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் பேசியது.)

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும், மாதா கோயிலிலிருந்து வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சிவன் கோவில்காரர்கள் கூடி ஒரு கத்தோலிக்கச் சாமியாரைப் பற்றிப் பேசுவதென்றால், வேறு ஊரில் “இதென்ன கூத்து” என்பார்கள். நம் பேட்டையில் யாரும் கேட்பதில்லை. நிக்கோலே ரோட்டில் கைலாசம் கோவில், சொக்கலிங்கமும் மீனாட்சியும். அதே பேட்டையில் அந்தச் சாமியார் பெர் லவாலின் கல்லறை; ‘பெர்’ என்றால் பிரெஞ்சில் ஃபாதர். சின்ன வயதில் எங்களுக்கு இரண்டும் வீட்டுக்குப் பக்கத்துக் கோவில், அவ்வளவுதான்.

என் பாட்டி செப்டம்பர் 8-ஆம் தேதி சாயங்காலம் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, நாலைந்து ஆந்தூரியம் பூக்களைப் பழைய செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு கிளம்புவாள். அப்பாவுக்குக் கால் சரியானதற்கு நேர்த்திக்கடன். கல்லறைமேல் லவால் படுத்த கோலத்தில் இருப்பார். கூட்டத்தில் நெரிபட்டு உள்ளே போய், பாட்டி அவர் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அவளுக்கு முன்னால் ஓர் அம்மா சிலுவை போட்டிருப்பார். பின்னால் முக்காடு போட்ட முஸ்லிம் பாட்டி நிற்பார். எத்தனை கை தடவியதோ, அந்தச் சிலை அங்கங்கே வழுவழுவென்று ஆகிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற லவால் படத்துக்கும் ஒரு பூ. முருகன் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சரி, யார் இந்த மனிதர்? ழாக் தேசிரே லவால், 1803-இல் நார்மண்டியில் குரோத் என்ற கிராமத்தில் பிறந்தவர். முதலில் டாக்டர். 1830-இல் பாரிஸில் பட்டம் வாங்கி, ஊரில் தொழில் நடத்தினார். நல்ல உடுப்பு, நல்ல குதிரை, கையில் காசு. அப்புறம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1838-இல் குருப்பட்டம். பேன்தெர்வீல் என்ற சின்ன ஊரின் கோயிலில் கொஞ்சகாலம் சாமியாராக இருந்துவிட்டு, 1841 செப்டம்பரில் ஆயர் காலியருடன் இங்கே வந்து இறங்கினார். அதற்குப் பிறகு பிரான்சுக்குத் திரும்பவே இல்லை.

அவர் வந்த நேரத்தைப் பாருங்கள். 1835 பிப்ரவரி 1-ஆம் தேதி அடிமை முறை ஒழிந்துவிட்டது என்று சட்டம். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். ஆனால் ‘தொழில் பழகுகிறவர்கள்’ என்று புதுப்பெயர் வைத்து அவர்களைப் பழைய எஜமானிடமே 1839 வரைக்கும் கட்டிப்போட்டிருந்தார்கள். அதுவும் முடிந்தபோது கையில் நிலமில்லை, படிப்பில்லை. லவாலை அனுப்பியது இவர்களிடம்தான். நம்மவர்கள் சிலர் பாசத்தில் அவர் ஏதோ தமிழர்களுக்கென்றே வந்தவர் மாதிரிப் பேசுகிறார்கள். அது சரியல்ல. அவருடைய பங்கு விடுதலையான கறுப்பின மக்கள். நாம் அவரிடம் பிறகு போய் ஒட்டிக்கொண்டவர்கள்.

இவர் அவர்களுக்கு என்ன செய்தார் என்று கேட்டால், அற்புதங்களைத்தான் முதலில் சொல்வார்கள். நான் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு இரண்டு சின்ன விஷயங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

ஒன்று, நேரம். பகலெல்லாம் உழைக்கிறவனைப் பகலில் படிக்கக் கூப்பிட்டால் எப்படி வருவான்? அதனால் வேலை முடிந்து அவர்கள் வருகிற சாயங்காலத்தில் போதனை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கென்று தனிப் பூசை. வெள்ளைக்கார எஜமான்கள் சிலருக்கு இது பொறுக்கவில்லை. கேலி, வசவு, மிரட்டல் எல்லாம் நடந்தது. மனிதர் அசையவில்லை.

இன்னொன்று, பாஷை. படித்த டாக்டர், பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சிலேயே பேசியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அந்த ஜனங்கள் பேசிய கிரியோல் கற்றுக்கொண்டார். அப்போது அதைப் பாஷை என்றே யாரும் மதிக்கவில்லை; தப்புப் பிரெஞ்சு என்றுதான் பேச்சு. அந்தப் பேச்சிலேயே எளிமையான மறைக்கல்வி எழுதி, வாய்ப்பாடு மாதிரித் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். நன்றாகக் கற்றுக்கொண்டவர்களையே, ஆணோ பெண்ணோ, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பினார். முன்னாள் அடிமைப் பெண் ஒருத்தி நாலு பேருக்கு ஆசிரியை ஆகிறாள்! தீவெங்கும் சின்னச் சின்ன ஜெப வீடுகள் எழும்பியது இவர்கள் கையால்தான். அதே கிரியோல் நம் ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பாடமாக நுழைய 2012 ஆக வேண்டியிருந்தது.

இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் வகுப்பில் பிள்ளைகள் கிரியோல் பேசினால் திட்டுகிற வாத்தியாராக இருந்தேன் நான், ரொம்ப வருடம். ஒருநாள் ‘அன்பே சிவம்’ என்று பலகையில் எழுதி, தமிழிலேயே பத்து நிமிடம் விளக்கினேன். ஒரு பையன் மட்டும் தலையாட்டினான். அவனை எழுப்பிக் கேட்டேன். அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை, நான் கோபித்துக்கொள்வேன் என்று ஆட்டினானாம். அன்று சாயங்காலம் கல்லறைப் பக்கமாக நடந்து வரும்போதுதான் உறைத்தது. மறுநாள் முதலில் கிரியோலில் சொன்னேன். பிறகு தமிழுக்கு வந்தேன். பின் பெஞ்சிலிருந்து கேள்விகூட வந்தது: “சிவன்தான் அன்பு என்றால் எங்கள் நாய் மேல் எனக்கு இருப்பதும் சிவனா?” அந்தக் கேள்விக்காகவே அன்று வகுப்பை நீட்டினேன்.

லவாலின் கடைசி வருடங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1850-களின் பின்பாதியில் பக்கவாதம் அடுத்தடுத்துத் தாக்கியது. ஓடியாடித் திரிந்தவர் ஒடுங்கிப்போனார். பிரசங்கம் நின்றது. ஆனாலும் கோயிலில் வந்து உட்கார்ந்திருப்பார். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் ஒப்புரவுக்கு வருகிறவர் சொல்வதைக் கேட்பார். முடிந்தது அவ்வளவுதான், அதைச் செய்தார். 1864 செப்டம்பர் 9-ஆம் தேதி இறந்தபோது இறுதி ஊர்வலத்தில் ஜனம் கடல்போல வந்தது. இங்கே செந்த் குருவாவில் அடக்கம் செய்தார்கள். இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் 1979 ஏப்ரல் 29-ஆம் தேதி அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். ஆனால் என் பாட்டி ரோமாபுரி உத்தரவுக்காகக் காத்திருந்தவள் இல்லை. அதற்கு எத்தனையோ வருடம் முன்பே அவளுக்கு அவர் சாமிதான்.

சரி, நேரமாகிவிட்டது, வந்த வேலைக்கு வருகிறேன். 8-ஆம் தேதி ராத்திரி முழுக்க ஜனம் நடந்து வரும், தெற்கே மாஹேபூர்க் பக்கத்திலிருந்துகூட. நம் இளைஞர்கள் வழக்கம்போல வாசலில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள். நடுராத்திரிக்கு மேல் குளிரும், அதனால் வனிலா டீயும் உண்டு. இரண்டு மணியிலிருந்து விடியும்வரை நிற்க இன்னும் ஆறு பேர் வேண்டும். பேர் கொடுக்கிறவர்கள் பின்னால் இருக்கிற நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். தயவுசெய்து இந்தத் தடவை சர்க்கரையைக் குறையுங்கள். போன வருடம் அது டீயா பாயசமா என்று நடந்து வந்தவர்களே கேட்டார்கள்.