கோடையில் தண்ணீர் ஊற்றாதீர்கள்: தேனீ ஆர்கிட் வளர்ப்பு

[காட்சி: திரை முழுக்க ஒரே ஒரு பூ. காற்றுச் சத்தம்.]

மூன்று ரோஸ் நிற இதழ்கள். நடுவில் ஒரு தேனீ தலையைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பழுப்பு உடம்பு, அதில் மஞ்சள் கோடு, தோள் இரண்டிலும் பூனை முடி. விரட்டிப் பாருங்கள், பறக்காது. ஏனென்றால் அது தேனீ இல்லை, பூவின் உதடு, அதாவது கீழே நீட்டியிருக்கும் இதழ்.

பெயர் தேனீ ஆர்கிட். தாவரவியலில் ஒஃப்ரிஸ் அபிஃபெரா, அதாவது தேனீயைச் சுமப்பது. ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் சுண்ணாம்பு மண் உள்ள புல்வெளிகளில் வளரும். கைவிட்ட கல்குவாரியிலும் சாலை ஓரத்திலும்கூட திடீரென்று தலைகாட்டும்.

[காட்சி: ஆண் தேனீ பூவில் வந்து இறங்கும் வரைபடம்.]

இந்தப் பூவில் தேன் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. வேடம்தான் முதலீடு. உருவம், முடி, வாசனை எல்லாமே பெண் தேனீ மாதிரி. ஆண் தேனீ ஏமாந்து வந்து தழுவும்போது அதன் தலையில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். இந்தக் குடும்பத்து நாடகத்தை அல்ஜீரியாவில் நீதிபதியாக இருந்த பூயான் பல வருடம் உட்கார்ந்து கவனித்தார். 1916இல் அது அச்சில் வந்தது. அவர் பார்த்தது இதன் உறவுக்காரப் பூவையும் ஒரு குளவியையும்.

ஆனால் நம் தேனீ ஆர்கிட் பெரும்பாலும் தேனீக்காகக் காத்திருப்பதே இல்லை. பூ விரிந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு மஞ்சள் மகரந்த உருண்டைகள் மெல்லிய காம்போடு பையிலிருந்து நழுவி, முன்னால் தொங்கும். காற்று கொஞ்சம் ஆட்டினால் போதும், மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் இடமான அதே பூவின் சூலகமுடியில் போய் ஒட்டிக்கொள்ளும். இத்தனை ஒப்பனை செய்துகொண்டு இது ஏன் தானே வேலையை முடிக்கிறது என்று டார்வினே குழம்பினார்.

[காட்சி: மண் தொட்டி. தரையோடு ஒட்டிய இலை வட்டம்.]

சரி, வளர்க்கும் விஷயத்துக்கு வருவோம். இந்தச் செடியின் வருடம் தலைகீழ். மற்றச் செடிகள் தூங்கப் போகும் இலையுதிர் காலத்தில் இது முளைக்கும். குளிர்காலம் முழுக்க இலைகள் பச்சையாக இருக்கும். கோடையின் தொடக்கத்தில் பூக்கும், அப்புறம் மண்ணுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. குளிர்காலமே இல்லாத ஊரில் இதை முயற்சி செய்ய வேண்டாம்.

நான் முதலில் வாங்கிய கிழங்கைக் கொன்றது இந்தத் தலைகீழ் கணக்குதான். ஜூலையில் தொட்டி வெறுமையாகத் தெரிந்தது. பாவம் என்று தண்ணீர் ஊற்றினேன். தோண்டிப் பார்த்தபோது விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது, கிழங்கு இருந்ததற்கான அடையாளம் அவ்வளவுதான்.

வசந்த காலத்தில் ஒரு செடியைக் கவனமாக எடுத்துப் பார்த்தால் கீழே இரண்டு கிழங்குகள் இருக்கும். ஒன்று சுருங்கிப் பழுப்பேறியது, இந்த வருடச் செலவு. இன்னொன்று வெள்ளையாக, கெட்டியாக இருக்கும், அடுத்த வருடச் சேமிப்பு. கோடையில் பிழைத்திருப்பது இந்த இரண்டாவது மட்டும்தான், அது காய்ந்த மண்ணில் கிடக்க வேண்டும்.

மண் கலவையில் பாதிக்குச் சல்லி அல்லது பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்), மீதியில் தோட்ட மண்ணும் நன்றாக மட்கிய இலையும், ஒரு கைப்பிடி சுண்ணாம்புக்கல் துணுக்கு. உரம் வேண்டவே வேண்டாம். சத்து கூடினால் புல் கொழுத்து இதை அமுக்கிவிடும். இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் தண்ணீர் ஆரம்பியுங்கள், இலை வட்டத்தின் நடுவில் தேங்காமல். வெயிலும் காற்றோட்டமும் உள்ள இடம் வேண்டும். நத்தைகள் ஒரே ராத்திரியில் மொட்டைக் காலி செய்யும், அதனால் டார்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள். பூக்கும் நேரத்தில் இலை நுனி கருகினால் பயப்பட வேண்டாம், அது தூங்கப் போகும் அறிகுறி.

புல்தரையில் தானாக முளைத்திருந்தால் இன்னும் சுலபம்: காய் வெடிக்கும் வரை புல்வெட்டியை அந்தப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

காட்டிலிருந்து தோண்டி எடுப்பதை மட்டும் மறந்துவிடுங்கள். பிரிட்டனில் நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் பிடுங்குவது 1981 சட்டப்படி குற்றம். பிடுங்கினாலும் பயனில்லை, மண்ணில் அதோடு சேர்ந்து வாழும் பூஞ்சைத் துணை அங்கேயே நின்றுவிடும். ஆய்வகத்தில் வளர்த்த கிழங்கை நர்சரியில் வாங்குங்கள்.

[காட்சி: காய்ந்த காய், வெள்ளைத் தாளில் தட்டப்படுகிறது.]

அந்தப் பூஞ்சை ஏன் முக்கியம் என்பதற்கு இந்தத் தூளைப் பாருங்கள். இவ்வளவும் விதை. உள்ளே சேமித்த உணவு எதுவும் இல்லை, அதனால் முளைப்பதற்கே பூஞ்சை ஊட்டிவிட வேண்டும். 1899இல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் வேறோர் ஆர்கிட்டில் இதைக் கண்டுபிடித்தார். 1922இல் நுட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சர்க்கரை கலந்த அகரில் (கடற்பாசிக் கூழில்) பூஞ்சை இல்லாமலே ஆர்கிட் விதைகளை முளைக்க வைத்தார். வீட்டில் அது வேண்டாத வேலை.

தானே மகரந்தம் சேர்ப்பதால் ஏறக்குறைய எல்லாப் பூவும் காயாகும், அந்தச் சுமையில் கிழங்கு இளைத்துப்போகும். நான் ஒரு காயை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுவேன். அந்த ஒன்று காய்ந்து வெடித்ததும் தாய்த் தொட்டியிலேயே, மண்ணைக் கிளறாமல், தூளைத் தூவிவிடுவேன். பூஞ்சை அங்கே ஏற்கெனவே குடியிருக்கிறது. பூ வர இன்னும் பல வருடம் ஆகலாம். தொட்டியில் தேதி எழுதிய சீட்டு ஒன்றைச் செருகி வையுங்கள், இல்லையென்றால் ஏதோ காலித் தொட்டி என்று நீங்களே கொட்டிவிடுவீர்கள்.