அந்த வெள்ளிக்கிழமை நான் சொல்லாதது

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம். முதியோர் இல்லங்களில் நர்சிங் அசிஸ்டெண்டாகப் புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். எழுதிக்கொண்டு வந்து வாசிக்கச் சொன்னார்கள். எழுதித்தான் வந்திருக்கிறேன். இருந்தாலும் முக்கூடல்காரி பேச்சு நடுவில் எட்டிப் பார்க்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சிரிப்புக் கதை. சென்னையில் வளர்ந்த பிள்ளை ஒன்று எங்களிடம் வேலைக்கு வந்தது. கெட்டிக்காரப் பிள்ளை. இரண்டாம் நாள் ஒரு ஆச்சி அதைக் கூப்பிட்டு, "தாயி, வெளிக்குப் போணும்" என்றார். பிள்ளை சந்தோஷமாக ஆச்சியைச் சக்கர நாற்காலியில் ஏற்றி, வராந்தாவைத் தாண்டி, வேப்பமரத்து நிழலில் கொண்டுபோய் நிறுத்தி, "காத்து நல்லா வருதா பாட்டி?" என்று கேட்டது. நான் ஓடிப்போய்த் திருப்பித் தள்ளிக்கொண்டு வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. நம் ஊரில் வெளிக்குப் போவது என்றால் கக்கூசுக்குப் போவது என்று அதற்கு யார் சொல்லியிருப்பார்கள்? பிள்ளை அழுதது. ஆச்சிதான், "விடு தாயி, ஒனக்கு நம்ம பேச்சு புதுசு" என்று தேற்றினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வேலைக்கு வருகிறவர்கள் ரத்த அழுத்தம் பார்க்கவும் சர்க்கரை பார்க்கவும் படித்துக்கொண்டு வருகிறார்கள். வயதானவர்கள் வலியை எந்தச் சொல்லால் சொல்வார்கள் என்று எந்த வகுப்பிலும் பாடம் கிடையாது. ஒருவர் கால் கடுக்குது என்பார், ஒருவர் உளையுது என்பார், ஒருவர் காந்துது என்பார். மூன்றும் ஒன்றல்ல. நெஞ்சு கரிக்குது என்பது வேறு, நெஞ்சைப் பிடிக்குது என்பது வேறு. பிடிக்குது என்றால் அந்த நிமிடமே நர்சைக் கூப்பிட வேண்டும். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே நோட்டில் எழுதுங்கள். "வலி இருக்கிறது" என்று நீங்களாக மாற்றி எழுதினால் டாக்டருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

கூப்பிடுகிற முறையும் அப்படித்தான். எங்கள் இல்லத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். தாத்தா என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார். ஐயா என்றாலும் மாட்டார். அவருடைய ஊரில் நாற்பது வருடமாக அவர் "சார்வாள்". "சார்வாள், குளிக்கப் போவமா?" என்று கேட்ட அன்றைக்குத்தான் எழுந்தார்.

என் கதைக்கு வருகிறேன். 2009-ல் சேர்ந்தேன். எங்கள் அம்மை பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தாள். நானும் பத்து வயதிலேயே இலை வெட்டியிருக்கிறேன். பீடித் தட்டை மடியில் இருந்து இறக்கிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில்தான் பயிற்சிக்குப் போனேன். சேவை, கருணை என்றெல்லாம் அப்போது எனக்கு ஒன்றும் இல்லை. சொந்தக்காரர்கள் "பிள்ள என்ன வேல பாக்கு?" என்று கேட்டால் அம்மை "நர்சு மாதிரி" என்பாள். அந்த "மாதிரி" எனக்குக் கொஞ்ச நாள் உறுத்தியது. வந்து போகிறவர்கள் ஆயா என்பார்கள். இன்றைக்கும் சிலர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

முதல் வாரம் நாற்றம்தான் பெரிய சோதனை. சோற்றில் கை வைக்க முடியவில்லை. மூன்றாம் வாரம் அது போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவே இல்லை. ஆகவே நாற்றத்துக்குப் பயந்து முதல் வாரத்திலேயே ஓடிவிடாதீர்கள்.

எனக்கு ஒப்படைத்தது எட்டுப் பேர். அதில் ஒரு ஆச்சி பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து, படுத்த படுக்கை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, சோறு ஊட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது என்று எல்லாம் நான்தான். படுத்தே கிடக்கிறவர்களுக்கு உடம்பின் பாரம் எலும்பு துருத்திய இடங்களில் இறங்குகிறது. வாலெலும்பு, குதிகால், இடுப்பெலும்பு, முழங்கை, பின்மண்டை. அங்கே தோலுக்கும் சதைக்கும் ரத்தம் போகாமல் அடைபடும். படுக்கைப் புண் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஈரத்துணியில் கிடந்தால் சீக்கிரம் வரும். நோயாளியைத் தூக்காமல் விரிப்பின் மேலேயே இழுத்து நகர்த்தினாலும் வரும்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது இது: தோல் சிவந்திருக்கிறதா பார், விரலால் அழுத்து, வெளுத்துப் பிறகு சிவந்தால் பரவாயில்லை, அழுத்தியும் வெளுக்காவிட்டால் புண்ணின் தொடக்கம். நானும் மனப்பாடமாக வைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆச்சியைத் துடைத்துவிடும்போது வாலெலும்புக்கு மேலே உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் மற்ற தோலைவிடக் கறுத்திருந்தது. கொஞ்சம் மினுங்கியது. கை வைத்தால் சுற்றி இருந்த இடத்தைவிடச் சூடாக இருந்தது. நான் பார்த்தேன். சிவப்பு இல்லையே என்று நினைத்தேன். பவுடர் போட்டேன், துணி மாற்றினேன், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மனதின் ஓரத்தில் சின்னதாக ஒரு சந்தேகம் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு டூட்டியில் இருந்த நர்சு முந்தின நாள்தான், "எதையாவது பெரிசா கண்டுபிடிச்ச மாதிரி ஓடி வராத" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். சனி, ஞாயிறு எனக்கு விடுமுறை. திங்கட்கிழமை போனால் தோல் உரிந்திருந்தது.

அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது. தினமும் கட்டு மாற்றுகிற நேரத்தில் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. ஆச்சி ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. நடந்தது அவருக்குத் தெரியாது.

சிவப்பைத் தேடச் சொன்ன அந்தப் பாடம் வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதியது. நம் ஊர்க்காரர்களின் தோலில் சிவப்பு எங்கே தெரிகிறது? விரலால் அழுத்தினாலும் வெளுக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. கறுத்த தோலில், சுற்றி உள்ள நிறத்தைவிட அழுத்தமான கறுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். கண்ணுக்கே ஒன்றும் தெரியாமலும் இருக்கும். அதனால் கையால் பாருங்கள். சூடா, குளிர்ச்சியா, கெட்டியா, கொழகொழப்பா என்று பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "இங்கன தொட்டா வலிக்கா?" என்று கேளுங்கள். விளக்குப் போட்டுப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் போதாது. அப்படி ஒரு இடம் கண்டால் தேய்த்துவிடாதீர்கள், உள்ளே நொந்திருக்கிற சதை இன்னும் கெடும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையைப் பாசத்தோடு வாங்கிக்கொண்டு வருவார்கள். அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெருக்கும், வேண்டாம். குதிகாலுக்கு, கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி விடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு இரண்டு மணி நேரம் என்பதே அதிகம்.

பார்த்ததை உடனே நர்சிடம் சொல்லுங்கள், நோட்டிலும் எழுதுங்கள். டாக்டர் வாரம் ஒரு நாள் வருவார், கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். நர்சு மருந்துக்கும் ஊசிக்கும் ஓடிக்கொண்டிருப்பார். மகனோ மகளோ பம்பாயிலோ துபாயிலோ இருந்து வீடியோவில் முகத்தை மட்டும் பார்ப்பார்கள். அந்த மனுஷியின் முதுகைத் தினமும் பார்ப்பது ஆயா என்று கூப்பிடப்படுகிற நாம் மட்டும்தான். திட்டு வாங்கினாலும் சொல்லுங்கள். நான் வாங்கியிருக்க வேண்டிய திட்டு இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

சோறு ஊட்டுவதில் நம் ஊருக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கிறது. நாம் எச்சில் படாமல் அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இருந்து பக்கவாதத்துக்கு வைத்தியம் முடிந்து வருகிறவர்களும், பழக்க தோஷத்தில் டம்ளரைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். அப்போது தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முதுகை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை கொஞ்சம் கீழே இருக்கும்படி, சிறு கரண்டியால் கொடுங்கள். விழுங்கி முடித்தபிறகுதான் அடுத்த வாய். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குத் தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி பயமில்லாமல் இறங்கும். எவ்வளவு கெட்டி என்பதை நர்சிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டபின் குரல் கொளகொளவென்று கேட்டால் நிறுத்துங்கள். முடிந்ததும் அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள். நின்றுகொண்டு ஊட்டாதீர்கள், நீங்கள் நின்றால் அவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டிவரும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

சட்டை மாற்றுவதற்கு எனக்குச் சொல்லித்தந்த அக்கா ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்: "வாதம் வந்த கைக்கு, போடுறதுக்கு முந்தி, கழட்டுறதுக்குப் பிந்தி." வாதம் வந்த கையை முதலில் சட்டைக்குள் நுழைத்துவிட்டால், நல்ல கை வளைந்து கொடுத்து வந்துவிடும்.

மாதக்கணக்கில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் காலையில் திடீரென்று ஆள் தெரியாமல் உளறினால் "வயசாயிட்டு" என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோய் ஒரே ராத்திரியில் வராது. மூத்திரத்தில் கிருமி, காய்ச்சல், மலச்சிக்கல், புது மருந்து, தண்ணீர் குறைவு, இப்படி எதுவாவது பின்னால் இருக்கும். சித்திரை வெயிலில் இது அடிக்கடி நடக்கும். வயதானால் தாகம் குறையும். கேட்டால் "வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். கேட்காதீர்கள், மோரைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள்.

மறதி நோய் நிஜமாகவே வந்தவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் இல்லத்தில் ஒரு பெரியம்மை. விளக்கு வைக்கிற நேரம் ஆனால் பதற்றம் வந்துவிடும். போர்வையின் ஓரத்தைக் கிழிப்பார், சுருட்டுவார், மடக்குவார், மறுபடி சுருட்டுவார். விரிப்பைப் பாழாக்குகிறார் என்று கையைப் பிடித்து எடுத்துவிட்டால் அறைந்துவிடுவார். பதற்றத்துக்கு மாத்திரை கேட்கலாமா என்று பேச்சு வந்தது. ஒரு நாள் எதிரில் உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் நகத்தால் முனையை மடக்குகிற அந்த மடக்கு! எங்கள் அம்மை மடக்குவது. பெரியம்மை பீடி சுற்றிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் கணக்கு முடித்துக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும், அந்த அவசரம்தான் அது. மறுநாள் பழைய முறம் ஒன்றில் காகிதத்தை இலை அளவுக்கு வெட்டிப் போட்டு மடியில் வைத்தேன். "எத்தனை ஆச்சு பெரியம்ம?" என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு கட்டு இருக்குட்டி, சும்மா பேசாத" என்றார். அன்றைக்கு யாரையும் அறையவில்லை. எல்லா நாளும் இது பலித்தது என்று சொல்ல மாட்டேன். பாதி நாள் பலித்தது.

பாயில் படுத்தே எழுபது வருடம் வாழ்ந்தவர்கள் கட்டிலைக் கட்டில் என்று நினைக்க மாட்டார்கள். ராத்திரியில் தரை பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்பார்கள். கட்டிலை முடிந்தவரை தாழ்த்தி, சக்கரத்துக்குப் பிரேக் போட்டு வையுங்கள்.

உங்கள் முதுகையும் கொஞ்சம் பாருங்கள். இடுப்பை வளைத்துத் தூக்காதீர்கள். முழங்காலை மடக்கி, ஆளை உங்கள் உடம்போடு ஒட்டிப் பிடித்து எழுப்புங்கள். பாரமானவர் என்றால் இன்னொருத்தியைக் கூப்பிடுங்கள். தனியாகத் தூக்கிக் காட்டி ஒரு பெயரும் வாங்கப் போவதில்லை. என் இடுப்பு இன்று மழைக்காலத்தில் என்னோடு பேசுகிறது.

இல்லத்தில்தான் இந்த வேலை என்றில்லை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்தபிறகு, படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டிலேயே வந்து பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் வந்துபோன பிறகு புரட்டிப் படுக்க வைப்பது மருமகளோ மகளோதான். அவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வயதானவர்களை யாராவது கொடுமைப்படுத்துவதைக் கண்டால் 14567 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லலாம், காசு கிடையாது.

நாளைக் காலை ஏழு மணி டூட்டிக்கு வள்ளியூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு பிள்ளை புதிதாக வருகிறது. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா, மோதிரமும் கண்ணாடி வளையலும் வேண்டாம், வயதானவர்கள் தோல் வளையல் உரசினாலே கிழியும் என்று போனில் சொன்னேன். அதன் அம்மா போனை வாங்கி, "கல்யாணம் ஆகாத பிள்ள, வெறுங்கையாவா போவா அக்கா?" என்று கேட்டார். "வாசல் வரைக்கும் போட்டுட்டு வரட்டும். உள்ள வந்து கழட்டி வைக்க என் மேசையில ஒரு டப்பா இருக்கு" என்று சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.