கையில் இருப்பதும் கனவில் இருப்பதும்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலை மாற்றம் பற்றி யோசனை கேட்டு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "இந்த வேலையை விட்டுடலாமா, கூடாதா?" பல வருடம் பாடுபட்டுக் கடனை அடைத்து, மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நிம்மதியை இப்போதுதான் எட்டியிருப்பார்கள். கூடவே, இளம் வயதிலிருந்து உள்ளுக்குள் கிடக்கும் ஓர் ஆசை இருக்கும். சொந்தத் தொழில், இசை, எழுத்து, பாதியில் நின்றுபோன படிப்பு, எதுவாகவும் இருக்கலாம். சுற்றியிருப்பவர்களில் ஒருவர் "துணிந்தவனுக்குத் துக்கமில்லை" என்பார். இன்னொருவர் "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிடாதே" என்பார். இரண்டையும் கேட்டுக் கேட்டே வருடங்கள் ஓடியிருக்கும்.

இந்த இழுபறியில் வரும் பயத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது. ஒரு தொகை கிடைக்கும்போது வரும் மகிழ்ச்சியைவிட, அதே தொகை கைவிட்டுப் போகும்போது வரும் வலி பெரிது. ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். அதனால் கையில் இருப்பது எப்போதும் கூடுதல் மதிப்போடுதான் நமக்குத் தெரியும்.

ஆனால் காலம் போகப் போக மனசு வேறு கணக்குப் போடுகிறது. தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1990-களில் மனிதர்களின் வருத்தங்களை ஆராய்ந்தார்கள். அண்மையில் நடந்ததைக் கேட்டால், செய்துவிட்ட காரியத்தை நினைத்து வருந்துகிறோம். வாழ்க்கை முழுவதையும் திரும்பிப் பார்க்கச் சொன்னால், செய்யாமல் விட்டதுதான் முன்னால் வந்து நிற்கிறது. இதைச் சொல்லியே "அப்ப இறங்கிடுங்க" என்று உசுப்பேற்றுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொடங்காத தொழிலில் நட்டம் வராது. எழுதாத புத்தகத்தை யாரும் குறை சொல்ல முடியாது. செய்யாத காரியம் மனசுக்குள் ஒருநாளும் தோற்பதில்லை. அதனால்தான் அது அவ்வளவு அழகாக இருக்கிறது. அந்த வருத்தத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தின் வருமானத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நாம் இளக்காரமாகச் சொல்கிறோமே, அந்த நிலையை நான் மதிக்கிறேன். ஜோசப் ரஃபீ, ஜீ ஃபெங் என்ற மேலாண்மை ஆய்வாளர்களின் ஆய்வு 2014-ல் வந்தது. சம்பள வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கி, பிறகு முழுநேரமாக அதில் இறங்கியவர்கள், எடுத்த எடுப்பில் வேலையை விட்டு இறங்கியவர்களைவிடத் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று கண்டார்கள். ஐன்ஸ்டைன் 1902-ல் பெர்ன் நகரின் காப்புரிமை அலுவலகத்தில் சேர்ந்தார். இயற்பியலைப் புரட்டிப்போட்ட 1905-ஆம் ஆண்டுக் கட்டுரைகள் அந்த வேலையில் இருந்தபோது எழுதியவை. 1908-ல் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லத் தொடங்கிய பிறகும் வேலையை விடவில்லை. சூரிச்சில் பேராசிரியர் பதவி உறுதியான பிறகு, 1909-ல்தான் விலகினார்.

இப்படிப் பக்கத்தில் வைத்துச் செய்து பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆசைப்பட்டது அந்த வேலைக்கா, அந்தப் பெயருக்கா என்பது தெரிந்துவிடும். கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு பெண், புகைப்படக் கலைஞராக வேண்டும் என்றார். விடுமுறை நாட்களில் எடுத்துப் பாருங்கள் என்றேன். பிறகு ஒருநாள் வந்து சொன்னார்: "படம் எடுக்கிறது கொஞ்ச நேரம்தாங்க. ராத்திரி உட்கார்ந்து நூத்துக்கணக்கான படத்தை ஒவ்வொண்ணாப் பார்த்துக் கழிக்கணும். பாக்கிப் பணத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் பண்ணணும்." சலித்துவிட்டதா என்று கேட்டேன். "படம் கழிக்கிறதுகூடப் பிடிச்சிருக்குங்க" என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

எல்லாக் கனவையும் இப்படி ஓரமாக வைத்துச் செய்ய முடியாது. ஆராய்ச்சிப் படிப்பை முடிக்க ஆசைப்பட்ட ஒருவர், மனைவியோடு வந்திருந்தார். அவருக்கு முழு நேரமும் வேண்டும். எத்தனை மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது, மருத்துவக் காப்பீடு என்னாகும், எந்தச் சேமிப்பில் கைவைக்கவே கூடாது என்றெல்லாம் தாளில் எழுதிக் காட்டினார். நல்ல கணக்குதான். அந்த அம்மா முழுவதையும் படித்துவிட்டு, தாளை மேசையில் வைத்தார். "இது சரியா வரலைன்னா நீங்க எதை விடணும்னு எழுதியிருக்கீங்க. நான் எதை விடணும்னு எழுதலையே?"

கணவர் பேனாவை எடுத்தார். அன்றைக்குப் பேச்சு வெகுநேரம் போயிற்று. ஒரு வீட்டின் பாதுகாப்பு ஒருவர் மட்டும் சேர்த்தது இல்லையே. பந்தயம் வைக்கும் உரிமையும் ஒருவருக்கு மட்டும் இல்லை. சேமிப்பு எந்த அளவுக்கு இறங்கினால் அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதை அந்த அம்மாதான் முடிவு செய்தார். கணவர் கேட்ட அளவுக்குச் சேமிப்பு இறங்கும் முன்பே, கொஞ்சம் முன்னாலேயே கோடு போட்டார். கணவரும் ஒப்புக்கொண்டு, ராஜினாமா செய்யாமல் சம்பளமில்லாத விடுப்பு கேட்டார். கிடைத்தது. விடுப்பு முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. ஆராய்ச்சியில் பாதிக்குமேல் எழுதிவிட்டதாகச் சொன்னார்.

நன்றி, வணக்கம்.