ஆஸ்பத்திரி, மால், ஓட்டல் பிளான்ட் ரூம் வேலைக்கு என்ன படிக்கணும்? தேவகோட்டை ஆச்சியோட கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி தேவகோட்டையிலேருந்து. ஒரு ஆச்சி வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்காங்க. "என் மக வயித்துப் பேரன் பன்னெண்டாவது முடிச்சுட்டான் தம்பி. பெரிய ஆஸ்பத்திரி, மால், ஓட்டல்ல ஏசி, பம்பு, ஜெனரேட்டரெல்லாம் பாத்துக்கிற வேலைக்குத்தான் போவேங்கிறான். ஒரு இடத்துல ஆறு மாசத்துல ஏசி மெக்கானிக் ஆக்கி வேலையும் வாங்கித் தர்றோம், பணம் கட்டுங்கன்னு சொல்றாங்க. சேத்து விடலாமா?" இதுதான் கேள்வி.

அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டிராதீங்க ஆச்சி. அந்தப் படிப்பு மோசம்னு நான் சொல்ல வரல. அதுல சொல்லிக் குடுக்கிறது வீட்டு ஸ்பிளிட் ஏசி. மாட்டுறது, கழுவுறது, கேஸ் ஏத்துறது, போர்டு மாத்துறது. கோடையில காரைக்குடி முழுக்க பைக்குல சுத்தி அதை வச்சே நல்லா சம்பாதிக்கிற பசங்க இருக்காங்க. ஆனா உங்க பேரன் கேக்கிறது வேற வேலை.

பெரிய ஆஸ்பத்திரியில ஏசிங்கிறது செவத்துல தொங்குற பெட்டி இல்ல. அடித்தளத்துலயோ மொட்டை மாடியிலயோ பிளான்ட் ரூம்னு ஒண்ணு இருக்கும். அங்க சில்லர்ங்கிற மெஷின் தண்ணிய 7 டிகிரி வாக்குல குளிர வச்சு அனுப்பும். பம்பு அதை ஒவ்வொரு மாடியில இருக்கிற ஏஹெச்யூவுக்கும், அதாவது காத்தைக் குளிர வச்சு அனுப்புற பெட்டிக்கும், தள்ளும். அங்க அந்தத் தண்ணி ஓடுற குழாய்ச் சுருள் இருக்கும், காயில்னு பேரு. ஃபேன் காத்தை அது வழியா வார்டுக்கு அனுப்பும். சூட்டை வாங்கின தண்ணி 12 டிகிரி வாக்குல சில்லருக்கே திரும்பி வரும். அந்தச் சூட்டை மொத்தமா வெளிய விடுறது கூலிங் டவர். இதோட நின்னுச்சா? தீயணைப்பு பம்பு, டிஜி செட்டுங்கிற டீசல் ஜெனரேட்டர், சுடுதண்ணிக் கருவி, கழிவுநீர் சுத்திகரிப்பு எஸ்டிபி எல்லாமே ராத்திரி ஷிப்டுல ரெண்டு மூணு பேர் கையிலதான் இருக்கும்.

இப்ப நான் சொன்னதுல எத்தனை மோட்டார் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. அதனாலதான் இந்த வேலைக்கு அஸ்திவாரம் கரண்டுன்னு சொல்றேன். ஐடிஐயில ரெண்டு டிரேடு இதுக்குப் பொருந்தும். ஒண்ணு எலக்ட்ரீஷியன், இன்னொண்ணு ரெஃப்ரிஜிரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங். ரெண்டுமே 2 வருசம், பத்தாவது பாஸ் போதும். என்னைக் கேட்டா எலக்ட்ரீஷியனைத்தான் மேல வைப்பேன். ராத்திரி ரெண்டு மணிக்கு பம்பு நின்னுபோச்சுன்னு போன் வந்தா, பெரும்பாலும் மோட்டாருக்குக் கரண்டு குடுக்கிற காண்டாக்டர் சுவிட்ச் போயிருக்கும், மோட்டாரைக் காப்பாத்துற ஓவர்லோடு ரிலே விழுந்திருக்கும், இல்ல மூணு ஃபேஸ் கரண்டுல ஒண்ணு வராம இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிஞ்சவன் குளிர்சாதன வேலைய வேலையில இருந்துக்கிட்டே கத்துக்குவான். எல்லாரும் இதை ஒத்துக்க மாட்டாங்க. பையனுக்கு ஏசி மேலதான் ஆசைன்னா அந்த டிரேடே எடுக்கட்டும், தப்பில்ல.

காரைக்குடியிலயே அரசு ஐடிஐ இருக்கு. எந்த டிரேடு எந்த ஊர்ல இருக்குன்னு கவுன்சிலிங் சமயத்துல பாத்துக்குங்க. அரசு ஐடிஐயில பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகையும் உண்டு. பையன் அரசுப் பள்ளியில படிச்சவன்னா தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபா தனியா வரும். நீங்க பணம் கட்டப் போன இடத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

இன்னொரு வழியும் இருக்கு. பன்னெண்டாவதுல கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எடுத்திருந்தா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருசம் சேரலாம். நம்ம அழகப்பா பாலிடெக்னிக்லயே விசாரிக்கலாம். மெக்கானிக்கலோ எலக்ட்ரிக்கலோ டிப்ளமோ முடிச்சா சூப்பர்வைசர் ஆகுற பாதை கொஞ்சம் சீக்கிரம் தொறக்கும். ஐடிஐ முடிச்சவங்களுக்கும் ரெண்டாம் வருசச் சேர்க்கை உண்டு, அதனால இப்பவே முடிவு பண்ணணும்னு இல்ல.

ஐடிஐ முடிச்சதும் அப்ரண்டிஸ் போகணும். இதைத்தான் நிறைய வீட்டுல விட்டுடுறாங்க. சம்பளம் கம்மி, வீணா ஒரு வருசம்னு நெனைக்கிறாங்க. அப்ரண்டிஸ்ஷிப் இந்தியான்னு அரசாங்க வெப்சைட் இருக்கு, அதுல பதிவு பண்ணிட்டு, சில்லர் பிளான்ட் ஓடுற இடமாப் பாத்து விண்ணப்பிக்கச் சொல்லுங்க. மதுரை, திருச்சி, கோயம்புத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரி, இல்ல தொழிற்சாலை. சும்மா ஏசி மாட்டுற குழுவுல சேத்துக்கிட்டா ஒரு வருசமும் டிரில்லிங் மெஷினைத் தூக்கிக்கிட்டே போயிரும்.

பிளான்ட் ரூம்ல கத்துக்க வேண்டியது என்னன்னா, படிக்கத் தெரியணும். மெஷினை. மணிக்கு ஒரு தடவை லாக் ஷீட்ல ரீடிங் எழுதணும். நிறைய இடத்துல என்ன நடக்குது? ஷிப்டு முடியும்போது எட்டு மணி நேரத்துக்கும் ஒரே மூச்சுல, முன்னாடி இருக்கிறதப் பாத்து எழுதிட்டுப் போயிடுறாங்க. இது இந்தத் தொழிலோட பெரிய வியாதி.

ஒரு உதாரணம் சொல்றேன். சில்லர்ல சூட்டை வெளிய தள்ளுற பக்கம் கண்டென்சர். அதுல கேஸ் குளுந்து திரவமாகிற வெப்பநிலைக்கும், அதுலேருந்து கூலிங் டவருக்கு வெளிய போற தண்ணியோட வெப்பநிலைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கும். அப்ரோச்னு சொல்லுவாங்க. கண்டென்சர்ல அந்தத் தண்ணி ஓடுற டியூப் சுத்தமா இருந்தா அது ஒண்ணு ரெண்டு டிகிரிக்குள்ள நிக்கும். நம்ம பக்கம் போர் தண்ணி கடினமா இருந்தா டியூபுக்குள்ள உப்புப் படிஞ்சு, அந்த வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமா 3, 4, 5ன்னு ஏறும். மெஷின் நிக்காது, வார்டும் குளுமையாத்தான் இருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டாங்க. ஆனா கம்ப்ரசர் கூடுதலா உழைக்கும், கரண்ட் பில் ஏறும், ஒரு நாள் சித்திரை வெயில்ல ஹை பிரஷர்ல டிரிப் ஆகி நிக்கும். அன்னிக்கு ஆபரேஷன் தியேட்டர்ல ஆள் இருப்பாங்க. ஒழுங்கா ரீடிங் எழுதுறவன் ரெண்டு மாசம் முன்னாடியே "சார், டியூப் கிளீன் பண்ணணும்"னு சொல்லிருப்பான். உப்புதான் காரணம்னும் இல்ல, உள்ள கேஸோட காத்துப் புகுந்திருந்தாலும் இதே மாதிரி ஏறும். ரெண்டுல எதுன்னு பிரிச்சுச் சொல்றவனை எந்தக் கம்பெனியும் விடாது.

தீயணைப்பு பம்பும் அப்படித்தான். தீயணைப்புத் தண்ணி லைன்ல பிரஷர் லேசா இறங்கினா ஜாக்கிங்கிற சின்ன பம்பு தானா ஓடி ஏத்திட்டு நிக்கும். மெயின் பம்பு தானா ஓடும், ஆனா நிறுத்துறது ஆள் போய்த்தான். ஜாக்கி அடிக்கடி ஓடுதுன்னா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். தொல்லையா இருக்குன்னு அதை ஆஃப்ல போட்டு வைக்கிற புண்ணியவான்களும் இருக்காங்க.

உயிர் விஷயம் ரெண்டு சொல்லிடுறேன், பேரனைக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுங்க ஆச்சி. ஏசி கேஸ் லைன்ல லீக் இருக்கான்னு பாக்க நைட்ரஜன்தான் ஏத்தணும். பக்கத்துல ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கேன்னு அதை ஏத்தினா, கம்ப்ரசர் ஆயிலோட சேந்து வெடிக்கும். இப்ப வர்ற ஆர்-32 கேஸும் லேசாத் தீப்பிடிக்கக் கூடியது, பழைய ஆர்-22 மாதிரி நெனச்சுக்கிட்டு லைன்ல கேஸ் இருக்கும்போதே நெருப்பு வச்சுப் பைப்பை ஒட்டுற பிரேசிங் பண்ணக் கூடாது. ரெண்டாவது, எஸ்டிபி தொட்டிக்குள்ள யார் சொன்னாலும் இறங்கக் கூடாது. உள்ள நிக்கிற விஷவாயு ஆளை நிமிசத்துல சாச்சிரும், தூக்கப் போனவனையும் சேத்து. பாதுகாப்பு இல்லாம இறக்குறது, கையால மலம் அள்ளுறதத் தடை பண்ணின 2013 சட்டப்படி குத்தம். வேலை போனாப் போகட்டும்.

ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடிச்சவங்க மின் உரிம வாரியத்துல ஒயர்மேன் சான்று வாங்கிடணும், பின்னாடி சூப்பர்வைசர் சான்று. ஸ்டீம் பாய்லர் இருக்கிற ஆஸ்பத்திரி, பெரிய ஓட்டல்னா பாய்லர் அட்டெண்டன்ட் சான்றுக்குத் தனி மதிப்பு.

நம்ம ஊர்லயே வேலை இருக்கான்னும் கேப்பீங்க. கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகள ஓட்டலா மாத்தியிருக்காங்கல்ல, அங்க இருக்கு. எண்ணிக்கை கம்மி, ஆனா வேலை நுணுக்கமானது. வளவைச் சுத்தின, அதாவது நடு முற்றத்தைச் சுத்தின ரூமுக்கெல்லாம் ஏசி போடணும், ஆனா சுண்ணாம்புச் செவத்துல கண்ட இடத்துல ஓட்டை போடக் கூடாது. ஏசியிலேருந்து வடியுற தண்ணி கசிஞ்சா அந்தக் காலத்துப் பூச்சு உப்பி உதிந்துரும், அதை மறுபடி பூசுறதுக்கு ஆள் தேடி அலையணும். அந்த மாதிரி வீட்டுல பைப் எங்க போகணும், தண்ணி எங்க விழணும்னு யோசிக்கத் தெரிஞ்சவன் இந்தப் பக்கம் பேர் வாங்கிடுவான்.

கடைசியா சிங்கப்பூர், துபாய். நம்ம சீமையில அது இல்லாம பேச்சு முடியாது. போகட்டும், ஆனா இங்க ரெண்டு வருசம் பிளான்ட் ரூம்ல நின்னுட்டுப் போகட்டும். கையில அனுபவச் சான்று இல்லாமப் போனா ஹெல்பர்னுதான் எடுப்பாங்க, அதுலேருந்து ஏறி வர்றது கஷ்டம். ஏஜென்ட்டு மூலமா போனா, அவர் வெளியுறவு அமைச்சகத்துல பதிவு பண்ணவரான்னு இ-மைக்ரேட் (eMigrate) வெப்சைட்ல பாருங்க. பதிவு பண்ண ஏஜென்ட்டு சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். மேல கேட்டா ரசீது கேளுங்க ஆச்சி, ரசீது இல்லேன்னா எந்திரிச்சு வந்துருங்க.

சரி, புதுவயல்லேருந்து ஒருத்தர் லிஃப்ட் மெக்கானிக் பத்திக் கேட்டிருக்கார், அதுக்கு வர்றேன்.