ஹெம்லாக் மரத்தடி ஏன் வெறுமையாக இருக்கிறது?

வட அமெரிக்கப் பேரேரிகளை ஒட்டிய காடுகளைப் பற்றி நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரே மண், ஒரே மழை என்றிருந்தும், மேப்பிள் மரத்தடியில் வசந்தத்தில் பூக்கள் நிறைந்திருக்க, பக்கத்திலுள்ள ஹெம்லாக் மரத்தடி ஏன் வெறுமையாகக் கிடக்கிறது?" சாக்ரடீசுக்குக் கொடுத்த நஞ்சும் இதே பெயருடையதுதான், ஆனால் அது வேறொரு செடி, இது ஊசியிலை மரம்.

சுகர் மேப்பிள் இலையுதிர்க்கும் மரமாதலால், பனி உருகிய பின் புதிய தழை விரியும் வரை சில வாரங்கள் வெயில் தரையில் நேராக விழுகிறது. ஸ்பிரிங் பியூட்டி, டிரௌட் லில்லி போன்ற சிறுசெடிகள் அந்த வாரங்களுக்குள்ளேயே தழைத்துப் பூத்துக் காய்த்து, கோடையில் மண்ணுக்குள் கிழங்காக ஒடுங்கிவிடுகின்றன. ஹெம்லாக் ஆண்டு முழுவதும் பசுமையாக இருப்பதால் அதன் அடியில் அத்தகைய வெயில் காலமே வருவதில்லை. உதிரும் ஊசியிலைகளும் மெல்ல மட்கி, மண்ணின் அமிலத்தன்மையைக் கூட்டுகின்றன.

எனக்கு இதைவிட வியப்பளிப்பது விதைகளின் கதை. ஹெம்லாக் விதை மிகச் சிறியது. அதிலிருந்து இறங்கும் மெல்லிய வேர், மேப்பிள் சருகு மெத்தையைத் துளைத்து ஈரமண்ணை எட்டுவதற்குள் காய்ந்துவிடும். எனவே அது பாசி படர்ந்த, மட்கிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகளின் மேல்தான் பெரும்பாலும் முளைக்கிறது. மஞ்சள் பிர்ச்சும் அவ்வாறே முளைப்பதுண்டு. கட்டை முற்றிலும் மட்கிய பிறகு அந்த மரம் பொய்க்கால்களில் நிற்பது போல வேர்களின் மேல் நிற்பதைக் காணலாம். மேப்பிள் கன்றின் வேரோ சருகைத் துளைத்து இறங்கும் வலிமை உடையது. இவ்வாறு ஒவ்வொரு மரமும் தன் சந்ததிக்கு ஏற்ற தரையைத் தானே அமைத்துக்கொள்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் சில்வேனியா காட்டில், சிறு பள்ளங்களில் படிந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள், அங்குள்ள ஹெம்லாக் திட்டுகள் ஏறத்தாழ 3000 ஆண்டுகளாக நிலைத்திருப்பதைக் கண்டறிந்தார்கள்.

அந்த நீண்ட நிலைபேறு இன்று ஆட்டங்கண்டிருப்பது எனக்குக் கவலையளிக்கிறது. குளிர்காலத்தில் ஹெம்லாக் நிழலில் ஒதுங்கும் வெண்வால் மான்கள் அதன் கன்றுகளையே மேய்ந்துவிடுகின்றன. ஜப்பானிலிருந்து வந்து, 1951-இல் வர்ஜீனியாவில் கண்டறியப்பட்ட, சாறு உறிஞ்சும் சிறு பூச்சி ஒன்று கிழக்கு மாநிலங்களில் முதிர்ந்த மரங்களையும் கொன்றுவருகிறது. ஆகவே, அத்தகைய காட்டுக்குச் செல்பவர்கள் பெரிய மரங்களை அண்ணாந்து பார்ப்பதோடு நில்லாமல், இடுப்பளவு உயர்ந்த ஹெம்லாக் கன்றுகள் தென்படுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.